ஆகஸ்ட் முதல் தீபாவளி வரை: தியேட்டரில் பார்த்தவை

கேள்வி இதுதான்: 2024 ஆகஸ்டிலிருந்து தீபாவளியைத் தாண்டி தியேட்டருக்கு வந்த தமிழ்ப் படங்களில் எவை தேறின? கோடிகளைக் கொட்டி எடுத்த படங்கள் ஏன் ஏமாற்றின? ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கு இவற்றில் எதைக் காட்டலாம்?

முதலில் படங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால் 'லப்பர் பந்து'. நான் இரண்டு முறை டிக்கெட் எடுத்தது 'மெய்யழகன்'. பார்த்த இரவு சோறு இறங்காமல் செய்தது 'வாழை'. எல்லாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தும் நான் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருப்பது 'கொட்டுக்காளி'. தீபாவளிக்கு வந்த 'அமரன்' இந்த வரிசையில் ஐந்தாவது. 'ஜமா' என்று ஒரு சின்னப் படம் ஆகஸ்ட் 2 அன்று வந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களைப் பற்றியது. பெண் வேடமே கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன் அர்ச்சுனன் வேடம் கட்ட ஆசைப்படுகிறான், அவ்வளவுதான் கதை. இளையராஜா இசை. அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தேடிப் பாருங்கள்.

இந்த ஆண்டு தியேட்டரில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒன்று உண்டு. படம் வெளியான பிறகு அதை வெட்டுவது. ஜூலையில் 'இந்தியன் 2' வந்த சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடம் வெட்டினார்கள். செப்டம்பரில் 'மெய்யழகன்', 18 நிமிடத்துக்கு மேல் போனது. நவம்பரில் 'கங்குவா', அதிலும் ஏறக்குறைய 12 நிமிடம். மூன்றிலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: நீளம், ரசிகர்கள் நெளிகிறார்கள். ஆனால் மூன்றும் ஒரே நோய் இல்லை. முதலும் மூன்றாவதும் எதைச் சொல்ல வருகின்றன என்பதிலேயே தெளிவில்லாத படங்கள். 12 நிமிடம் போனாலும் அந்தக் குழப்பம் போகவில்லை. 'மெய்யழகன்' அப்படி இல்லை. தனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அந்தப் படத்துக்குத் தெரியும். முதல் வாரத்திலும் பார்த்தேன், வெட்டிய பிறகும் பார்த்தேன். வெட்டாததுதான் நல்ல படம்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரேம்குமார் '96' எடுத்தவர். இந்தப் படத்தில் சம்பவம் என்று பார்த்தால் மிகக் குறைவு. 1996இல் சொத்துப் பிரிவினையில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. 22 வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, நீடாமங்கலத்தில் சித்தப்பா வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறான். வந்த கையோடு அன்றிரவே பஸ் ஏறிவிட வேண்டும் என்ற நினைப்பு. மண்டபத்தில் ஒருவன் (கார்த்தி) "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவனுக்கு அருளைப் பற்றி எல்லாம் தெரியும். அருளுக்கு அவன் பேர்கூட ஞாபகம் இல்லை. பஸ் போய்விடுகிறது. இரவு முழுக்கப் பேச்சு. இவ்வளவுதான்.

நம் வீடுகளில் யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் ஒருவர் வந்து "என்னைத் தெரியுதா?" என்று கேட்டால் நமக்கு வயிற்றில் ஒரு பிசைவு வருமே, அதை வைத்து மூன்று மணி நேரம் படம் எடுத்திருக்கிறார். அரவிந்த்சாமி அந்தப் பிசைவை முகத்திலேயே வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். மேடையேறித் தங்கைக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடும் காட்சியில் நான் உட்கார்ந்திருந்த வரிசையில் அழாத ஆள் இல்லை. வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. அந்த இடத்தில் சொத்து, கோர்ட், யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது எல்லாம் காணாமல் போய், பாசம் மட்டும் மிஞ்சுகிறது. கோவிந்த் வசந்தாவின் இசையும் இங்கே துருத்திக்கொண்டு வராமல் பின்னால் நிற்கிறது.

இரவுப் பேச்சுதான் பலருக்கு நீளமாகப் பட்டது. ஆனால் ராத்திரி இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் அது அப்படித்தான் போகும். சொந்தக் கதையில் ஆரம்பித்து, நாட்டு நடப்புக்குப் போய், போரைப் பேசி, திரும்ப வீட்டுக்கே வரும். அந்தச் சுற்றலில்தான் அருள் மெல்ல இளகுகிறான். சுற்றலை வெட்டினால் அவன் சட்டென்று இளகிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டாவது முறை பார்த்தபோது அந்த இடத்தில் எனக்கு ஒரு படி தவறிய மாதிரி இருந்தது.

குறை இல்லையா? உண்டு. கார்த்தியின் பாத்திரம் ஒரு பொட்டுக்கூடக் கெட்டது இல்லாத மனிதனாக இருக்கிறான். ஒரு சின்னக் கோபம், ஒரு சின்னச் சுயநலம் இருந்திருந்தால் இன்னும் நெருக்கமாக ஆகியிருப்பான். அவன் மனைவியாக வரும் ஸ்ரீதிவ்யாவுக்கு அந்த வீட்டில் விருந்தாளியை உபசரிப்பதைத் தாண்டி வேலை இல்லை. இரண்டு ஆண்கள் விடிய விடியப் பேசுகிற அழகான இரவில், அந்தப் பெண்ணுக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 20 அன்று வந்தது 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். நான் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல்தான் போனேன். ஊருக்கு ஊர் நடக்கும் கிரிக்கெட் டோர்னமெண்ட், பந்தல், மைக்கில் விடாமல் ஓடும் வர்ணனை, அணிக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு பனியன். இந்த உலகத்தில் வளராதவர்களுக்குக்கூட படம் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் புரியவைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கோ கேட்கவே வேண்டாம்.

தினேஷ் செய்திருக்கும் கெத்து என்ற பாத்திரம் இந்த ஆண்டின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று என்று நினைக்கிறேன். கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், இன்னும் மட்டையைக் கீழே வைக்க மனசில்லை. மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போகும் மனிதர். அவர் களத்தில் இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்தின் "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலிக்கிறது. 1989இல் விஜயகாந்துக்காக இளையராஜா போட்ட பாட்டு. விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் அந்தப் பாட்டுக்குத் தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. பழைய பாட்டைப் போட்டுக் கைத்தட்டல் வாங்குவது இப்போது எல்லாப் படத்திலும் நடக்கிறது. இங்கே அது ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் கெத்து மாதிரி ஆட்களின் பாட்டு நிஜமாகவே அதுதான்.

அவர் மனைவி யசோதையாக ஸ்வாசிகா. தியேட்டரில் கைத்தட்டல் நாயகர்களுக்குச் சமமாக அவருக்கும் விழுந்தது. டிராக்டரை எடுத்துக்கொண்டு ஆடுகளத்தையே உழுதுபோடும் பெண். ஆனால் அவரை வெறும் கோபக்காரியாக விட்டுவிடவில்லை. அவர் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் வருடங்கள் தெரிகின்றன. மாமியார் மருமகள் உறவையும் வழக்கமான சண்டையாக இல்லாமல், பாசமும் வீம்பும் கலந்ததாக எழுதியிருக்கிறார் தமிழரசன்.

இனி முக்கியமான விஷயம். படம் சாதியைப் பற்றியது. ஹரிஷ் கல்யாண் செய்யும் அன்பு நல்ல பந்துவீச்சாளன், ஆனால் சொந்த ஊர் அணியில் அவனுக்கு இடமில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். படமும் அதைப் பெரிதாக உரக்கச் சொல்வதில்லை. ஒரு அணியில் யாரைச் சேர்ப்பார்கள், யாரை வெளியே நிற்கவைப்பார்கள், யார் வீட்டில் பெண் எடுப்பார்கள் என்று ஆட்டத்தின் வழியாகவே வந்துவிடுகிறது. கடைசி ஆட்டம் எப்படி முடிகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் வெற்றி தோல்வியைப் பற்றி ஒரு விளையாட்டுப் படம் வழக்கமாகப் போகும் பாதையில் இது போகவில்லை என்பது மட்டும் உறுதி. இடைவேளைக்குப் பின் ஆட்டங்கள் கொஞ்சம் ஒன்றுபோல வருகின்றன, காதல் பகுதியும் சாதாரணம்தான். பரவாயில்லை.

ஆகஸ்ட் 23க்கு வருவோம். அன்று ஒரே நாளில் 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. இரண்டையும் தனித்தனி வாரங்களில் விட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

'வாழை' மாரி செல்வராஜின் பால்யம். தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம், பச்சை பச்சையாக வாழைத் தோட்டங்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகை ஒரு பையன் தலையில் தூக்கிச் சுமக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் படம். தேனி ஈஸ்வரின் கேமரா தோட்டத்தை மேலிருந்து காட்டும்போது நாம் ரசிக்கிறோம். கீழே இறங்கியதும் கழுத்து வலிக்கிறது. பையன் சிவனைந்தனும் அவன் கூட்டாளியும் ரஜினி, கமல் என்று அடித்துக்கொள்ளும் காட்சிகளில் தியேட்டர் சிரித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் மேல் அவனுக்கு இருக்கும் பிரியமும் அழகாகத்தான் இருக்கிறது, நீளம் மட்டும் சற்று அதிகம்.

இந்தக் கதையில் என்னை அசைத்தது ஒரு ரூபாய். சுமக்கும் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். போராடி வாங்குகிறார்கள். கொடுத்த அந்த ஒரு ரூபாயை வேறு வழியில் மிச்சம் பிடிக்க முதலாளி செய்யும் ஒரு ஏற்பாடு, அந்த ஆட்களை வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைக்கிறது. பிறகு நடப்பது விபத்து என்று செய்தியில் வரும். ஆனால் படம் பார்த்தவர்களுக்கு அது விபத்து இல்லை. கணக்கு தெரியும். ஒரு ரூபாயிலிருந்து அத்தனை உயிர்கள் வரை ஒரு நேர்கோடு போட்டுக் காட்டிவிடுகிறார் மாரி செல்வராஜ். இதை எந்தப் பாத்திரமும் வாயால் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பையனின் பசி. முடிவில் அவன் வீட்டுக்குள் நுழைந்து சோற்றுப் பானையைத் தேடும் நேரம்… அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அங்கே பின்னணி இசையைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்பது மட்டும் என் கருத்து. அந்தக் காட்சிக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை.

பின்னணி இசையே இல்லாத படம் 'கொட்டுக்காளி'. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. அவருடைய 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். 'கொட்டுக்காளி'யும் பெர்லின் விழாவில் திரையிட்ட பிறகுதான் இங்கே வந்தது. கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். குடும்பத்துக்கு அது பேய் பிடித்ததாகத் தெரிகிறது. முறைமாமன் பாண்டி, தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, ஒரு ஷேர் ஆட்டோவிலும் சில பைக்குகளிலும் உறவுக் கூட்டத்தோடு அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறான். ஒரு பகல் பயணம். படமும் நூறு நிமிடம்தான்.

ஆட்டோ எஞ்சின் சத்தம், காற்று, செருப்புச் சத்தம், கால் கட்டிய சேவல். இவைதான் இசை. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. அத்தனை ஆம்பளைகளும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் அவளைச் சுற்றி இருக்கும் எல்லாருடைய சத்தத்தையும் விடப் பலமாக இருக்கிறது. சூரி, தொண்டை கட்டிய குரலில், பாசமும் வன்முறையும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று காட்டியிருக்கிறார். மீனாவை அவன் அடிக்கும் இடத்தில் அவன் மேல் அதுவரை நமக்கிருந்த இரக்கம் எல்லாம் வற்றிவிடுகிறது.

நான் பார்த்த காட்சியில் பாதிப் பேர் சூரி நகைச்சுவை செய்வார் என்று வந்தவர்கள். "பாட்டு எங்கப்பா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முடிவு வந்து திரை இருண்டதும் "அவ்ளோதானா?" என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. டிரெய்லரும் போஸ்டரும் என்ன மாதிரிப் படம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முடிவு நம் கையில் கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போகிறது: பாண்டி வண்டியைத் திருப்புவானா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் என் மனைவியும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். திருப்ப மாட்டான் என்றாள் அவள். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

பெரிய படங்களைச் சுருக்கமாகவே பார்ப்போம். 'தங்கலான்' எனக்கு மரியாதை உள்ள படம். கோலார் தங்கத்துக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று பா.ரஞ்சித் கேட்டது பெரிய கேள்வி. நிலம் கையை விட்டுப் போகும் முதல் பகுதி அருமை. விக்ரம் உடம்பையே கொடுத்திருக்கிறார். ஆனால் பல வசனங்கள் காதில் விழவில்லை, பின்பாதியில் கனவும் நிஜமும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டன. 'தி கோட்' ரசிகர்களுக்கான திருவிழா. விஜயை இளமையாக்கிய தொழில்நுட்பம் சில ஷாட்டில் நம்பும்படி இருந்தது, சிலதில் இல்லை. 'வேட்டையன்' என்கவுன்ட்டரைக் கேள்வி கேட்கத் துணிந்த ரஜினி படம். தப்பான ஆளைச் சுட்டுவிட்ட ஒரு நாயகன் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தக் குற்றவுணர்வோடு அவரை உட்காரவிடாமல் கதை அடுத்த சண்டைக்கு ஓடிவிட்டது. பகத் பாசில் வந்த இடமெல்லாம் படம் மூச்சு விட்டது.

'கங்குவா'வின் சிக்கல் சத்தம். உணர்ச்சி வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் யாராவது கத்துகிறார்கள், அதற்கு மேல் இசையும் கத்துகிறது. தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 'கொட்டுக்காளி' வந்து மூன்று மாதத்துக்குள் இது நடந்தது. ஒரு படம் இசையே இல்லாமல் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது, இன்னொன்று காதைப் பொத்திக்கொள்ள வைத்தது. முதல் படத்துக்கு நாம் கவனித்துப் பார்ப்போம் என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டாவதற்கு ஒரு நிமிடம் விட்டாலும் நாம் போனை எடுத்துவிடுவோம் என்ற பயம். இந்த ஆண்டின் பெரிய படங்கள் பலவற்றில் எனக்குத் தெரிந்தது அந்தப் பயம்தான்.

இதை ஒட்டி ஒன்று. 'கங்குவா'வுக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் தரப்பு தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் கருத்துக் கேட்பதை நிறுத்தச் சொன்னது. முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. நடிகர்களின் குடும்பத்தை இழுத்து வசைபாடியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதில் அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தியேட்டர் வாசலில் மைக் பிடித்து "சூப்பர்ணே, குடும்பத்தோட பாருங்க" என்று யாரோ ஒரு அண்ணன் சொன்னதால்தான் 'லப்பர் பந்து' இரண்டாவது வாரம் நிறைந்தது. பெரிய விளம்பரம் இல்லாத படத்துக்கு அந்த வாசல்தான் போஸ்டர். அதை அடைத்தால் பெரிய படங்கள் தப்பிக்குமோ இல்லையோ, சின்னப் படம் நிச்சயமாகச் செத்துவிடும்.

'அமரன்' பெரிய படங்களில் தனித்து நின்றது. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிரிழந்தார், அசோகச் சக்கரம் பெற்றவர். முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்த முடிவை நோக்கிப் போகும்போதும் நெஞ்சு அடைத்ததற்குக் காரணம், கதையை மனைவி இந்துவின் கண்ணால் சொன்னது. சாய் பல்லவி போனைக் காதில் வைத்துக்கொண்டு துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே கணவன் குரலைத் தேடும் இடம், சண்டைக் காட்சிகள் எல்லாவற்றையும் விடப் பெரியது. சிவகார்த்திகேயன் தன் வழக்கமான உடல்மொழியை முழுசாகக் கழற்றி வைத்திருக்கிறார். என் குறை ஒன்றுதான்: காஷ்மீர் மக்கள் இந்தப் படத்தில் கூட்டமாகவே வருகிறார்கள். கல்லெறியும் கூட்டம், ஒளிந்துகொள்ளும் கூட்டம். அவர்களிலும் இந்த இந்துவைப் போல ஒரு மனைவி இருந்திருப்பாள், ஒரு வாசலில் காத்துக்கொண்டு.

சரி, அப்பாவுக்கு எதைக் காட்டலாம் என்ற கேள்வி. 'மெய்யழகன்'தான். இப்போது வீட்டிலேயே பார்க்கலாம். இடையில் நிறுத்தாமல், இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள். நான் இரண்டாவது முறை போனபோது என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் முடிந்து அவர் எதுவும் பேசவில்லை. ஆட்டோவில் பாதி தூரம் வந்த பிறகு, நாங்கள் நாற்பது வருடம் முன்பு காலி செய்த வீட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு நார்த்தை மரம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அப்போது மூன்று வயது. இருக்கிறது என்று சொன்னேன்.